வேலையை விடாமல் ஓவியமும் சிற்பமும்: நடுவயதில் தொடங்குகிறவர்களுக்கு

முதல் விஷயம், வேலையை விடாதீர்கள். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் இதைப் பற்றிப் பேச வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வியே "ராஜினாமா கொடுத்துட்டு முழு நேரமா இறங்கிடலாமா சார்?" என்பதுதான். நான் 42 வயதில் தொடங்கினேன். அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவு, காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஆறரைக்குத்தான் வெளியே. இப்போது 51 ஆகிறது, இன்னும் அதே வேலைதான். இந்த ஒன்பது வருஷத்தில் மனித முகத்தையும் உடம்பையும் காகிதத்தில் வரையவும், வண்ணத்தில் தீட்டவும், மண்ணில் பிடிக்கவும் ஓரளவு கற்றுக்கொண்டேன். எப்படி என்பதை, எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிற வரிசையில் எழுதுகிறேன்.

வேலையை விடுவது பற்றி இரண்டு பேரைப் பார்த்தால் போதும். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் பாரிஸ் பங்குச் சந்தையில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அப்போது அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு சிற்பி, அவரிடம் பழகி 1877-இல் தன் மனைவி மெட்டேயின் தலையைச் சலவைக்கல்லில் செதுக்கினார். வேலையில் இருந்துகொண்டே செய்தது இது. 1882-இல் சந்தை விழுந்தது, அடுத்த வருஷம் 35 வயதில் வேலை போய் முழு நேர ஓவியரானார். ஐந்து பிள்ளைகள். அடுத்த வருஷம் அவர் மனைவி பிள்ளைகளோடு கோபன்ஹேகனுக்குத் தாய்வீட்டுப் பக்கம் போகவேண்டி வந்தது, அவரும் பின்னாலேயே போனார், 1885-இல் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் முழுதாகச் சேர்ந்து வாழவே இல்லை. இன்னொருவர் ஓவியர் பூபேன் கக்கர், மும்பையில் பிறந்தவர், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். 1962-இல் பரோடாவுக்கு வந்தார். அங்கே அவர் முறையாகப் படித்ததுகூட கலை விமர்சனம்தான், ஓவியம் அவராகக் கற்றுக்கொண்டது. பல வருஷம் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டே வரைந்தார். 1972-இல் அவர் வரைந்தவற்றில் ஒன்று கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை, இன்னொன்று தையல் கடை. 2016-இல் லண்டனில் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. கணக்குப் பிரிவில் இருக்கிற எனக்கு இவர் மீது தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை.

கக்கரின் கடைக்காரர்களைப் பார்க்கும்போது எனக்குப் புரிந்தது இதுதான். நடுவயதில் வருகிறவர்களிடம் இருபது வயதுப் பையனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, இருபது வருஷமாக மனிதர்களை எதிரே உட்காரவைத்துப் பார்த்திருக்கிறோம். கேன்டீன்காரர் தோளைச் சாய்த்து நிற்கும் விதம், மாசக் கடைசியில் முன்பணம் கேட்க வருகிறவர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பது, இதெல்லாம் நமக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது.

வரைவது: தினமும் இருபது நிமிஷம், ஆறு மாசம்

இந்த ஆறு மாசம் முடியும் வரை வண்ணமும் மண்ணும் வாங்க அவசரப்படாதீர்கள். ஒரு சின்ன நோட்டு, 2பி அல்லது 4பி பென்சில், அவ்வளவுதான். நான் வில்லிவாக்கத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அம்பத்தூர் வரை கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான், அதில் ஒரு தலை போடலாம். தூங்குகிறவர்கள் நல்ல மாடல்கள், ஆனால் யாராவது கண் விழித்து முகம் சுளித்தால் உடனே நோட்டைக் காட்டி, வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். பெண்கள் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்து வரைவது, குழந்தைகளை வரைவது, இதையெல்லாம் கேட்காமல் செய்யவே கூடாது.

அளவு என்று சிலதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கண் தலையின் நடுவில் இருக்கிறது, உச்சிக்கும் முகவாய்க்கும் சரி பாதியில். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் கண்ணை மேலே தூக்கி நெற்றியைத் தின்றுவிடுவார்கள், நானும் ஒரு வருஷம் அதைத்தான் செய்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் அளவுக்கு இடம் இருக்கும். காது புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், பக்கவாட்டில் பார்த்தால் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால் உட்காரும். உடம்பு மொத்தம் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம், கையை விரித்தால் வரும் அகலம் கிட்டத்தட்ட ஆளின் உயரமே.

நம் ஸ்தபதிகளுக்கு இது புதிதல்ல. தாளம், அங்குலம் என்று அவர்களிடம் முழுக் கணக்கே இருக்கிறது, ஒரு தாளம் 12 அங்குலம், பத்துத் தாள வகையிலேயே பெரியதான உத்தம தசதாள உருவம் 124 அங்குலம். அந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருப்பது அல்ல, செய்யப்போகிற உருவத்தின் உயரத்தைப் பிரித்து எடுப்பது. சுவாமிமலையில் இன்றைக்கும் செய்யவேண்டிய உருவத்தின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலைக் கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் முகம், மார்பு, தொடை என்று அளவு எடுக்கிறார்கள். இந்த ஓலை முறையைக் காகித நாடாவில் செய்து பாருங்கள். ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்த்துத் தடுமாறுவதைவிட இது கைக்குச் சீக்கிரம் பிடிபடும். ஒன்று மட்டும் கவனம்: அது தெய்வ உருவத்துக்கான கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமனாருக்கு அது பொருந்தாது, அவர் கணக்கை அவரைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

சென்னையில் இருக்கிறவர்கள் மாதம் ஒரு முறையாவது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடத்துக்குப் போய் நின்று வரையுங்கள். முன்பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் முடிந்தவரை பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் போங்கள். பட்டும் மாலையும் மூடப்போகிற அந்த முதுகைக்கூட எவ்வளவு அக்கறையாக முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. அவர் ஓவியர், சிற்பி இரண்டுமாக இருந்தவர், சென்னைக் கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். காலை ஆறரைக்குப் போனால் கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழும், நான்கு பேரின் முதுகுத் தசையும் தொடையும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் வெயில் உச்சிக்கு ஏறி அந்த நிழலெல்லாம் போய்விடும்.

மண்: இதை ஓவியத்தோடு சேர்த்தே தொடங்குங்கள்

நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான்: ஆறு மாசம் வரைந்த பிறகு வண்ணத்தையும் மண்ணையும் ஒன்றாகவே தொடங்குங்கள். பலர் ஓவியம் முதலில், அது கைவந்த பிறகு சிற்பம் என்று தள்ளிப்போடுகிறார்கள். நானும் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன், அந்த மூன்று வருஷமும் என் முகங்கள் எல்லாம் தட்டையாக, முகமூடி மாட்டியது போலவே இருந்தன. முதன்முதலாக மண்ணில் ஒரு தலை பிடித்தபோதுதான் காதுக்குப் பின்னால் எவ்வளவு தலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் தலையின் ஆழம் அதன் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமம், கொஞ்சம்தான் குறைவு. இதை நூறு தடவை படித்திருந்தேன், கையால் மண்ணை அப்பி அப்பி இன்னும் போதவில்லை என்று உணர்ந்த அன்றைக்குத்தான் அது என் ஓவியத்துக்குள் வந்தது.

மண்ணுக்கு எங்கும் ஆர்டர் போடவேண்டாம். சென்னையில் கொசப்பேட்டை, மதுரைப் பக்கம் விளாச்சேரி, அல்லது உங்கள் ஊரில் பானை செய்கிறவர், கொலு பொம்மை செய்கிறவர் யாரிடமாவது கேளுங்கள். பிசைந்த மண்ணே தருவார்கள். முதல் தலையைப் பாதி அளவில் செய்யுங்கள், மூன்று கிலோ மண் போதும். உண்மை அளவுத் தலைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரை இழுக்கும், அந்த எடையைத் தாங்கும் சட்டம் கட்டுவது முதல் தடவைக்கு வேண்டாத தலைவலி.

சட்டம் இப்படி: ஒரு அடிக்கு ஒரு அடி பலகை, நடுவில் நிமிர்த்தி நிறுத்திய கட்டைக் குச்சி அல்லது பைப், அதன் மேல் பாதியில் பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுற்றி முட்டை போல உருட்டி நூலால் கட்டுங்கள். அதன் மேல் மண். மண்ணைத் துண்டு துண்டாக, கட்டைவிரலால் அழுத்தி அப்ப வேண்டும், வெறுமனே ஒட்டவைத்தால் காயும்போது உரிந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் கண், மூக்கு எதையும் தொடாதீர்கள். மண்டை ஓட்டின் முட்டை வடிவம், கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருப்பது, தாடையின் ஆப்பு இந்த மூன்றும் சரியாக வரும் வரை. கழுத்தை எல்லோரும் நேராகக் கம்பம் போல நிறுத்துவார்கள், உண்மையில் அது முதுகிலிருந்து முன்னால் சாய்ந்து வருகிறது, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

பலகையைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். மாடலும் அதே கோணத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது நீங்கள் எழுந்து சுற்றிப் போகவேண்டும். முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடித்துவிட்டுப் பின்னால் போனால் தலையே இருக்காது. அளவு எடுக்க இரண்டு மெல்லிய மரச்சட்டங்களை ஒரு போல்ட்டில் கோத்துக் கவட்டை போல விரியும் காலிப்பர் செய்துகொள்ளலாம், காது முதல் காது வரை, முகவாய் முதல் உச்சி வரை, மூக்கு நுனி முதல் பின்மண்டை வரை, இந்த மூன்று அளவும் சரியாக இருந்தால் ஆள் அடையாளம் பாதி வந்துவிடும். கருவி என்று மூங்கில் கத்தி ஒன்று, கம்பி வளையம் ஒன்று, தேங்காய் நார் கொஞ்சம். மீதி விரல்தான். வேலை நிறுத்தும்போது ஈரத்துணி சுற்றி அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஒரு வாரம் வரை தொடரலாம். அலுவலகம் போகிறவர்களுக்கு மண் இப்படிக் காத்திருப்பது பெரிய வசதி.

இனி சுடுவது. என் முதல் தலையை உள்ளே குடையாமல், அப்படியே கட்டியாக, ஒரு வாரம் மாடியில் காயவைத்து ஒரு பானைக்காரரிடம் சூளைக்குக் கொடுத்தேன். அது உள்ளே வெடித்து, பக்கத்திலிருந்த அவருடைய நான்கு பானைகளையும் உடைத்தது. காற்று அடைபட்டதால் வெடித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார், "காத்து ஒண்ணும் பண்ணாது சார், ஈரம் இருந்தாத்தான் வெடிக்கும்." அது சரியே. நூறு டிகிரியைத் தாண்டும்போது மண்ணுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பிளக்கிறது. தடித்த மண் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். பானைக்கு நான் காசு கொடுத்தபோது அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மண் தோல் பதத்துக்கு வரும்போது, அதாவது அழுத்தினால் விரல் பதியாது, கத்தி போட்டால் வெட்டும் என்ற நிலையில், மெல்லிய கம்பியால் காதுக்குப் பின்னால் தலையை இரண்டாக வெட்டுங்கள். செய்தித்தாளையும் குச்சியையும் எடுத்துவிட்டு, உள்ளே கம்பி வளையத்தால் குடைந்து சுவர் எல்லா இடத்திலும் இரண்டு சென்டிமீட்டர் வருமாறு சமமாக்குங்கள். வெட்டிய விளிம்புகளை முட்கரண்டியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். கழுத்தின் அடி திறந்தே இருக்கட்டும். பிறகு நிழலில் இரண்டு, மூன்று வாரம். காதும் மூக்கும் மெலிதானவை, முதலில் காய்ந்து வெடிப்பு விடும், அவற்றின் மேல் மட்டும் கவர் போட்டு மெதுவாக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக் காற்றில் ஒரு மாசம்கூட ஆகலாம். காய்ந்து சுட்ட பிறகு மொத்தமாகப் பத்து சதவீதம்போலச் சுருங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மின் சூளை கிடைத்தால் 950 முதல் 1000 டிகிரி, தொடக்கத்தில் மிக மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பது அடுத்த கட்டம், இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. எச்சரிக்கை மட்டும்: தண்ணீரில் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கட்டியாகும்போது அது நன்றாகச் சூடாகும், கையை உள்ளே வைத்து அச்சு எடுக்கலாம் என்று யாரும் விளையாடாதீர்கள், தோல் வெந்துபோகும். மீந்ததை சிங்கில் கழுவினால் குழாய் அடைத்துவிடும். காய்ந்த மண் தூளையும் பிளாஸ்டர் தூளையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நம் தோல் நிறத்தைத் தீட்டுவது

தோல் நிறத்துக்கு வெளிநாட்டு வீடியோக்கள் சொல்கிற கலவை நம் முகத்துக்கு உதவாது. அதில் வெள்ளை நிறைய. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு அடித்தது போல, உயிரில்லாமல் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரைன் நீலம் இந்த மூன்றை வைத்துத் தொடங்குங்கள், வெளுக்க வேண்டும் என்றால் முதலில் யெல்லோ ஆக்கர், போதாவிட்டால் கொஞ்சம் ஆரஞ்சு, கடைசியாகத்தான் வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவேண்டாம், சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தாலே ஆழமான, சூடான இருட்டு கிடைக்கும். கறுத்த தோலின் மினுமினுப்பு அந்தத் தோலின் நிறத்தில் இருக்காது, ஜன்னலின் நிறத்தில் இருக்கும். என் மனைவியின் கன்னத்தில் நெற்றிப்பொட்டுக்குக் கீழே விழுகிற வெளிச்சம் காலையில் தெளிவாக நீலம், அதைப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அதற்கு முன்னால் ஒரே நிறத்தில் பத்து முகம் போடுங்கள், பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பும் துணியும் மட்டும். பூசி, துடைத்து வெளிச்சத்தை எடுப்பது. அம்பர் சீக்கிரம் காயும் என்பதால் மறுநாளே மேலே வண்ணம் போடலாம். வீட்டில் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை ஒரு பக்கத்திலிருந்து மேலாக வையுங்கள், இரண்டு மூன்று பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் முகத்தின் வடிவமே கரைந்துவிடும். ஆயில் கலரில் முகத்தை அடுக்கடுக்காகத் தீட்டுகிறவர்கள், அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிச் செய்தால் காய்ந்தபின் பிளவு விடும். சின்ன வீட்டில் ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைனின் நெடி பிரச்சினை என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் தொடங்கலாம், ஆனால் நம் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும், ஈர டிஷ்யூ மேல் வண்ணத்தை வைத்து அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

யாரை உட்கார வைப்பது, யாரிடம் கற்பது

வீட்டில் இருப்பவர்கள்தான். இருபது நிமிஷம் உட்காரவைத்து ஐந்து நிமிஷம் இடைவேளை கொடுங்கள், எழுவதற்கு முன்னால் கால் இருந்த இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் அதே இடத்தில் திரும்ப உட்காரலாம். டிவி பார்க்க விடாதீர்கள், தலை மெல்லச் சாய்ந்துகொண்டே போகும். ரேடியோ பரவாயில்லை. வரைந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், என் அம்மா "என் உதடு இவ்வளவு கோபமா இருக்காது" என்றார், திரும்பப் பார்த்தால் நான் உதட்டின் ஓரத்தைக் கீழே இழுத்திருந்தேன்.

வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆளை உட்காரவைத்து வரைவீர்களா, போட்டோவைப் பார்த்தா? நான் மூன்று மாசம் ஒரு இடத்தில் பணம் கட்டி, போட்டோ மேல் கட்டம் போட்டு கட்டத்துக்குக் கட்டம் நகல் எடுத்தேன். நகல் அச்சு அசலாக வந்தது, எதிரே ஆளை உட்காரவைத்தால் ஒன்றும் வரவில்லை. ஆளைப் பார்த்து வரைகிற சின்ன குழு ஒன்று கிடைத்தால், ஆசிரியரே இல்லாவிட்டாலும் அதில் சேருங்கள். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைக் கிராமம் போன்ற இடங்களில் கண்காட்சி பார்க்கப் போகும்போது அங்கே வரைகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படிப்பட்ட குழுக்கள் தெரியவரும். சோழமண்டலத்தை 1966-இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் தந்தி அலுவலக வேலைக்குப் போன பிறகு, 1936-இல்தான் சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார் என்பதை அங்கே போகும்போது நினைத்துக்கொள்வேன்.

விற்பது பற்றிக் கேட்பீர்கள். முதல் ஐந்து வருஷம் அதை யோசிக்கவேண்டியதில்லை, சம்பளம் வருகிறது அல்லவா.

ஒரு வேலையை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் தலையை வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மாசத்தில், ஒரு ஓவியமாகவும் ஒரு மண் தலையாகவும் செய்யுங்கள். என்னிடம் அம்மாவின் தலை ஆறு இருக்கிறது, புத்தக அலமாரியின் மேல் வரிசையாக. கன்னம் வற்றிக்கொண்டே வருவது அதில் தெரியும், என் கை மாறியிருப்பதும் தெரியும். மண் ஈரமாக இருக்கும்போதே கழுத்தின் அடியில் ஆணியால் தேதியையும் பெயரையும் கீறிவிடுங்கள், சுட்ட பிறகு பேனாவில் எழுதினால் கொஞ்ச நாளில் அழிந்துவிடும்.